பத்தாவது இலக்கின் கணக்கு

2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 17. பத்தாவது, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. அதன் முதல் வாசகத்தை ஒரு பிரதியாகவே வாசித்துப் பார்க்கலாம்: 2030க்குள் கீழ்த்தட்டு 40 சதவீதத்தினரின் வருமானம், நாட்டுச் சராசரியைவிட வேகமாக வளர வேண்டும். நல்ல விஷயம்தானே?

கணக்குப் போட்டுப் பாருங்க. பத்தாயிரம் ரூபாய் சம்பாதிப்பவருக்கு 5 சதவீதம் கூடினால் 500 ரூபாய். பத்து லட்சம் சம்பாதிப்பவருக்கு 4 சதவீதமே கூடினாலும் 40,000. விகிதம் துளி குறைந்தது, இலக்கும் நிறைவேறியது. ரூபாயில் இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது.

கீழே இருப்பவரை எண்ணத் தெரிந்த இந்த வாசகத்தில் மேலே இருப்பவர் எங்கே? ஆளையே காணோம். 193 நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்றே நான் வாசிக்கிறேன்.