அளவு மீறினால் அணைக்கும் காவல்

சோதனை மேசைமீது அமர்ந்திருக்கும் பவர் சப்ளையில், மின்னோட்டம் விதித்த எல்லையைக் கடந்ததும் வெளியீட்டைத் துண்டித்துவிடும் காவலை நிரலாக எழுதுவதிலுள்ள சூக்ஷ்மம் என் மனத்தை எப்போதும் வசீகரிப்பது. மின்னோட்டத்தை அளக்க அதன் பாதையில் வைத்த 0.1 ஓம் மின்தடையின் வழியே 2 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இருமுனைகளிடையே 0.2 வோல்ட் தோன்றும். அந்த அற்ப அழுத்தத்தை மைக்ரோகண்ட்ரோலர் இடையறாது அளந்து எல்லையோடு ஒப்பிடுகிறது. இம்மட்டில் காரியம் எளிதே. ஆனால், சுவிட்சைப் போட்டவுடன் வெறுமையாயிருக்கும் கெப்பாசிட்டர்கள் தாகங்கொண்டவைபோல் ஒரு கணம் மின்சாரத்தை உறிஞ்சுவது இயல்பாதலால், அதை அபாயமென்று மயங்காமல் சில மில்லிசெகண்டுகள் பொறுத்து, அதன் பின்னும் மிகை நீடித்தால் மட்டும் தயக்கமின்றித் துண்டிக்குமாறு எழுதுவதிலேதான் எழுதுபவரின் விவேகம் வெளிப்படுகிறது. பொறுமை மிகுந்தால் அந்த மின்னோட்டத்தைச் சுமக்கும் டிரான்சிஸ்டர் கருகிப்போகும். துண்டித்தபின் தானாக மீளாமல், மனிதக் கை பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும் நிரலே உத்தமம்.