எது நல்ல மைதானம்?

சாத்தூரில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊருக்குச் சேவு உண்டு, வெள்ளரிக்காய் உண்டு, கோல்ஃப் கிடையாது. கொடைக்கானலுக்குப் போய்வந்த நண்பர் ஒருவரால் வந்த வினை இது. 1895-ல் தோன்றிய அவ்வூர்க் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துவிட்டு, "கம்பளம் விரித்தாற்போல் பச்சைப் புல்! மைதானம் என்றால் அதுதான்" என்றார் அவர். புல்லின் நிறத்தை வைத்தா தரம் சொல்வது என்று கேட்டேன். விவாதம் தொடங்கிவிட்டது.

இந்த ஆட்டத்தின் தாய்வீடு ஸ்காட்லாந்திலுள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ். ஆட்டத்துக்கு 18 குழிகள் என்ற கணக்கே அங்கே 1764-ல் பிறந்ததுதான். அந்தப் பழைய மைதானத்தில் கண்ணைப் பறிக்கும் அழகு ஒன்றும் இல்லை. மேடும் பள்ளமுமான கடலோர மணல்வெளி. தனியொரு நிபுணர் படம் வரைந்து கட்டியதும் அல்ல. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்தே சில மணற்பள்ளங்கள் உண்டாயின என்று சொல்வார்கள்.

அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் 1921-ல் முதன்முதலாக அங்கே ஆடியபோது எரிச்சல் தாங்காமல் பாதியிலேயே விலகிவிட்டார். அவரே 1927-ல் அதே இடத்தில் பட்டம் வென்றார். பிறகு அதன் பரம ரசிகரானார். நல்ல நாவலுக்கும் இப்படி நேர்வதுண்டு. முதல் வாசிப்பில் முகம் கொடுக்காது.

அந்த மைதானத்தின் பெருமை அது தரும் சுதந்திரத்தில் இருக்கிறது. 17-வது குழியை எடுத்துக்கொள்ளுங்கள். துணிந்தவன் வலப்புறக் கட்டடத்தின் மூலைக்கு மேலாகவே பந்தை அடிக்கலாம். பயந்தவன் இடப்புறமாக ஒதுங்கலாம். ஆனால் அடுத்த அடியில் மணற்பள்ளம் அவனுக்கு எதிரே நிற்கும். வழி இரண்டு, இரண்டுக்கும் விலை உண்டு. ஆடுகிறவனை யோசிக்க வைப்பதே நல்ல மைதானம் என்பது என் கட்சி.

"அப்படியானால் நிபுணனுக்கு வேலையே இல்லையா?" என்றார் நண்பர். உண்டு. டாக்டர் அலிஸ்டர் மெக்கன்ஸி போயர் யுத்தத்தில் பணிபுரிந்தவர். போயர்கள் தங்கள் பதுங்கு குழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த வித்தையை அங்கே கண்டு, மைதானக் கலைக்குக் கொண்டுவந்தார். ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் வகுத்த அகஸ்டா மைதானம் 1933-ல் திறக்கப்பட்டது. அது மகத்தான சிருஷ்டி என்பதை ஒப்புக்கொள்கிறேன். உலகம் அதனிடமிருந்து கற்றுக்கொண்டது என்னவோ பெரும்பாலும் பச்சை நிறத்தைத்தான். அந்த நிறத்துக்காக வறண்ட சீமைகளிலும் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்.

கொடைக்கானலில் புல்லுக்கு மழை இருக்கிறது. இங்கே கரிசல் பூமி. கோடையில் வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கம்பளம் விரித்தால் அது வெறும் நகல். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்ற வறண்ட சுரங்க ஊரில் புல்லே இல்லாத மைதானம் இருக்கிறது. பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டு செயற்கைப் புல்லைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். அதில் பொய் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில், பெரிய போட்டிகள் நடக்கும்போது தவிர, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயும் குழந்தையுமாக அங்கே உலாவுகிறார்கள்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொடைக்கானலில் நான் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்" என்றார்.