குடியிருந்தவர்கள் இல்லாத வீடுகள்

ஷாங்காயைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு பாதை நிலைத்துவிட்டது. காலையில் 'பண்ட்' என்னும் ஆற்றங்கரைச் சாலை, ஹுவாங்பு ஆற்றைக் கடந்ததும் லூஜியாசூய் கோபுரங்கள், மாலையில் ஷின்தியாந்தியின் பழைய வீடுகள். பழமையும் புதுமையும் ஒரே நாளில் முடிந்துவிடும். இந்தப் பாதை நகரத்தின் உயரத்தை நன்றாகவே காட்டுகிறது. அங்கே வாழ்ந்தவர்களைக் காட்டத் தவறுகிறது.

உயரத்தைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 421 மீட்டர் ஜின்மாவ் 1999இல் திறக்கப்பட்டது, 492 மீட்டர் உலக நிதி மையம் 2008இல் எழுந்தது, 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் 2015இல் முடிந்தது. மூன்றும் அருகருகே நிற்கின்றன. ஜின்மாவின் அடுக்குகள் பகோடாவை நினைவூட்டுபவை. ஷாங்காய் கோபுரம் முறுக்கிக்கொண்டு ஏறுவதற்குக் காரணம் புயற்காற்றின் அழுத்தத்தைக் குறைப்பது. அதன் 118ஆம் மாடியில் நின்றால் ஆற்றின் வளைவும், மேற்குக் கரையில் 1920களில் எழுந்த வங்கிக் கட்டடங்களும், சுங்க மாளிகையும் ஒரே பார்வையில் விழும். இந்தக் கோபுரங்கள் நிற்கும் கிழக்குக் கரையான பூடோங்கை வளர்ப்பதென்று 1990இல்தான் முடிவெடுத்தார்கள். முப்பதாண்டு வேகத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் வேறில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் பழைய தெருக்கள் வெறும் ஓட்டுக்கூரைத் திட்டுகள். அவற்றின் அடியில் யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமே எழாது.

அந்தக் கூரைகளுக்கு அடியில் இருப்பவை ஷிகுமென் வீடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த தைப்பிங் கிளர்ச்சியின்போது உயிர் தப்பி வந்தவர்கள் ஷாங்காயின் வெளிநாட்டுக் குடியிருப்புப் பகுதிகளில் குவிந்தார்கள். அவர்களுக்காக நெருக்கமாக வீடுகள் கட்டியபோது உருவான அமைப்பு இது. கல்லாலான வாசற்கால், கறுப்பு மரக்கதவு, உள்ளே நுழைந்ததும் சிறு முற்றம்: இவை தென்சீன வீட்டு மரபு. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பது ஐரோப்பியப் பாணி. பின்பக்கம் அடுக்களைக்கு மேலே, வடக்கு பார்த்து, ஒரு சிற்றறை இருக்கும். கோடையில் வேகும், குளிரில் உறையும். அதனால் வாடகை குறைவு. பணமில்லாத எழுத்தாளர்கள் பலர் 1930களில் இங்கே குடியிருந்தே எழுதினார்கள். பின்னாளில் ஒரு குடும்பத்துக்கான வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கின. அடுக்களை பொதுவாயிற்று. வீட்டைவிடச் சந்துதான் வாழ்க்கையின் கூடமானது.

2001இல் திறக்கப்பட்ட ஷின்தியாந்தி, இந்த வீடுகளின் முகப்பை வைத்துக்கொண்டு உட்புறத்தை உணவகங்களாகவும் கடைகளாகவும் மாற்றியது. கட்டடக்கலைஞர் பெஞ்சமின் வுட்டின் திட்டம் அது. பழைய செங்கல் என்றால் இடிக்க வேண்டியது என்றிருந்த காலத்தில், அதைக் காப்பாற்றினாலும் வருமானம் வரும் என்று நிரூபித்தது சிறிய செயலல்ல. அதன்பின் சீன நகரங்கள் பல அதைப் பார்த்து நடந்தன. ஆனால் அங்கே குடியிருந்த குடும்பங்கள் வெளியேறிய பிறகுதான் அது நடந்தது. ஜாங்யுவான் என்ற இன்னொரு ஷிகுமென் குடியிருப்பிலும் குடியிருந்தோரை அனுப்பிவிட்டுத்தான் 2022இல் விலையுயர்ந்த கடைகளுடன் திறந்தார்கள். வாசற்கால் அதே கல்தான். அதைத் தாண்டி வீடு திரும்புகிறவர்தான் இல்லை. இதைப் 'பாரம்பரிய வீடு' என்று காட்டுவது பாதி உண்மை.

தியான்சிஃபாங் என்ற பழைய சந்துக் குடியிருப்பு வேறு வழியில் வளர்ந்தது. குடியிருந்தவர்களே கீழ்த்தளத்தைக் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்; வருமானம் அவர்கள் கைக்கே போனது. என் கணக்கில் இது ஷின்தியாந்தியைவிட நியாயமானது. ஆனால் மாடியில் தங்கிவிட்டவர்களுக்குக் கூட்டமும் கூச்சலும்தான் மிஞ்சின.

பழைய வாழ்க்கையை அழகாக்கிக் காட்டுவதும் தவறுதான். வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது; விடிந்ததும் மலவாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புது அடுக்ககத்துக்கு மனமுவந்து போனவர்கள் நிறையப் பேர். அவர்களை அங்கேயே இருந்திருக்கக் கூடாதா என்று கேட்க ஒரு நாள் விருந்தாளிக்கு உரிமையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: வசதியையும் செய்துகொடுத்து, ஆட்களையும் அங்கேயே வைத்திருக்க முடியாதா? முடியும். ஹோங்கோவ் வட்டாரத்தின் சுன்யாங்லியில் வெளிச்சுவரைக் காத்து, உள்ளே வீட்டுக்கு வீடு தனி அடுக்களையும் கழிப்பறையும் அமைத்து, பழைய குடும்பங்களையே திரும்பக் குடியமர்த்தினார்கள். செலவு அதிகம், பார்வையாளர் வருமானம் குறைவு. அதனால்தான் இந்த வழி அரிதாக இருக்கிறது.

ஷாங்காய் போகிறவர்கள் கோபுரம் ஏறட்டும். வானம் தெளிந்த நாளாகப் பார்த்து ஏறட்டும். ஆனால் அதற்கு முன், 1930இல் கட்டப்பட்டு இன்னும் மக்கள் வாழும் புகாவோலி போன்ற ஒரு சந்தில் நடந்து பாருங்கள். அது பிறர் வீட்டு வாசல். குரலைத் தாழ்த்துங்கள், ஜன்னல்களுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.