ஹீத்ரோவில் நிற்கும் கத்தரிக்காய் நிற வால்

லண்டன் ஹீத்ரோவின் இரண்டாவது டெர்மினல். புஷ்பேக் வண்டிக்காகக் காத்திருந்தபோது காக்பிட்டின் இடப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து கேட்டில் விஸ்தாராவின் 787. கத்தரிக்காய் நிற வால், அதில் பொன்னிற நட்சத்திரம். அதற்கடுத்து ஏர் இந்தியாவின் புது ஏ350. அந்த ஏ350 டெல்லி–லண்டன் தடத்துக்கு வந்தது 2024 செப்டம்பர் 1. விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது அதே ஆண்டு நவம்பர் 12. என் திரையில் ஓடிக்கொண்டிருப்பது எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்பதை இரண்டு வால்களே சொல்லிவிட்டன.

ஆறு வாரங்களாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஆல்ஃபா இந்தியா குரூப்பின் விமானங்களோடுதான் பறக்கிறேன். ஏஐஜி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாம் ஓட்டாத, கணினி தானாக ஓட்டும் மற்ற விமானங்களுக்கு உண்மையான நிறுவனங்களின் சாயமும் கால அட்டவணையும் தருகிற இலவசத் தொகுப்பு இது. ஏஐ மேனேஜரைத் திறந்து, பட்டியலில் வேண்டிய நிறுவனத்தை டிக் செய்தால் மாடல், பெயின்ட், அட்டவணை மூன்றும் வந்து இறங்கிவிடும். டிராஃபிக் கன்ட்ரோலர் அவற்றை நேரம் பார்த்து வானில் விடும். நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது சாயத்தைப் பற்றி. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, எஃப்எஸ்எக்ஸ் காலத்து சிமுலேட்டர்களில் வளர்ந்தவர்களுக்கு ஆர்பிட், பசிஃபிகா என்ற பெயர்கள் நினைவிருக்கும். உலகத்தில் எங்குமே இல்லாத கற்பனை நிறுவனங்கள். டெல்லியில் இறங்கினாலும் டோக்கியோவில் இறங்கினாலும் அதே ஆர்பிட் நின்றுகொண்டிருக்கும். ஓடுபாதையும் கோபுரமும் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் ஊர் வந்து சேராது. ஒரு விமான நிலையத்தை ஊராக்குவது அங்கே நிற்கும் வால்கள்தான்.

ஆனால் சரியான நிறுவனத்தின் வால் நின்றால் மட்டும் போதாது, சரியான ஆண்டின் வாலாகவும் இருக்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது காசு கொடுத்து வாங்கிய வேறொரு தொகுப்பு. இன்றைய போக்குவரத்து என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நிறுவிய முதல் நாளே மும்பையில் ஜெட் ஏர்வேஸ் வரிசையாக இறங்கியது. ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது 2019 ஏப்ரலில். இதைக் கவனிக்கிறவன் வெறும் பொழுதுபோக்குக்காரன்தானே என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அது ஏமாற்று. 2018-ஐ விற்பதென்றால் 2018 என்றே சொல்லி விற்கட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

ஏஐஜியில் அட்டவணைகள் பருவம் பார்த்துத் தொகுக்கப்படுகின்றன. அதனால்தான் அந்த இரண்டு வால்களும் அன்று ஒன்றாக நின்றன. கேமராவை அருகே கொண்டுபோய் ஏர் இந்தியாவின் பழைய சாயத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனைச் சாளரம் மாதிரி சிவப்பு வளைவு இருக்கும். போக்குவரத்து விமானத்துக்கான மாடல் எளிமையானது, டெக்ஸ்சரும் சிறியது. அந்த வளைவுக்குக் கிடைப்பது ஒரு சில பிக்சல்கள். அதற்குள் வளைவை வளைவாகவே நிறுத்தியிருக்கிறார் ஒருவர். தூரம் போகும்போது அது மினுமினுத்து உடையாமலிருக்க, அதே படத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி மிப்மேப்களும் சேர்த்திருக்கிறார். ஒரு காசு வாங்காமல் செய்த வேலை இது. இருநூறு மீட்டர் தொலைவில் நிற்கப்போகும் விமானத்தின் ஜன்னலுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் இருப்பதால்தான் இந்தப் பொழுதுபோக்கே உயிரோடு இருக்கிறது.

அட்டவணை வழியை விட்டு நேரலை வழிக்குப் போனால் கதை வேறு. இந்த நொடியில் உண்மையாகவே பறக்கும் விமானங்களை வாங்கி சிமுலேட்டருக்குள் விடும் வழி அது. அங்கே எந்தச் சாயம் என்பதைப் பெரும்பாலும் ஒரு விதிக்கோப்புதான் முடிவு செய்கிறது. கால்சைனின் மூன்றெழுத்து, விமானத்தின் வகைக்குறி, அதற்குரிய மாடல். ஒவ்வொரு விதியும் ஒரே வரி. இணையத்தில் பலர் சேர்ந்து பறக்கும் வாட்சிமில், அதற்கான விபைலட் மென்பொருளில் போடுகிறார்களே, அதே கோப்புதான். விமானத்தின் பதிவெண்ணை இந்த விதி கேட்பதில்லை.

இணைப்புக்குப் பிறகு இதனால் ஒரு சிக்கல். விஸ்தாராவின் விமானங்கள் ஏர் இந்தியா கால்சைனுக்கு மாறின. எண்கள் 2-இல் தொடங்கும் நான்கு இலக்கமாயின. யுகே 955 என்றிருந்தது ஏஐ 2955 ஆனது. எண் ஒரே இரவில் மாறியது, சாயம் மாறவில்லை. சாயம் மாற விமானம் ஹேங்கருக்குள் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். விதிக்கோப்புக்கு இது தெரியாது. ஏர் இந்தியா கால்சைனைப் பார்த்தால் ஏர் இந்தியா சாயத்தைத் தேடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது: இணைப்புக்கு முன்பு ஏர் இந்தியாவிடம் இருந்த 787-கள் எல்லாம் 787-8. 787-9 முழுக்க விஸ்தாராவிலிருந்து வந்தது. ஆகவே 787-9 வகைக்கு ஏர் இந்தியா சாயமே தொகுப்பில் இல்லாமல், என் ஹீத்ரோவில் மொட்டை வெள்ளையாக ஒன்று வந்து இறங்கியது.

நோட்பேடில் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். ஏஐசி, பி789, அதற்கு நேரே விஸ்தாரா மாடலின் பெயர். சேமித்து மறுபடி ஏற்றினேன். அடுத்த டெல்லி விமானம் கத்தரிக்காய் நிற வாலோடு இறங்கியது. அந்த மாதங்களில் நிஜ ஹீத்ரோவில் இறங்கியதும் அதுதான். இந்த ஆறு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாவற்றையும் ஒரு வரியில் சரிசெய்துவிட முடியாது. பழைய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 737-800க்கும் தனி வால் ஓவியம். பெரும்பாலானவற்றில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று. பழைய மாடல்கள் சிலவற்றில் வாலின் இரண்டு பக்கமும் ஒரே டெக்ஸ்சரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் எத்தனை திறமையான பெயின்டர் வந்தாலும் இரண்டு ஓவியம் வரைய முடியாது. 2023-இல் அந்த நிறுவனம் சாயத்தை மாற்றியபோதும் வால்களுக்கு இந்தியத் துணி வேலைப்பாடுகளையே எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது பாந்தினி. ஒரே நிறுவனம், ஒரே வகை, ஆனால் வாலுக்கு வால் வேறு. கால்சைனை மட்டும் பார்க்கும் விதிக்கு இது பிடிபடவே பிடிபடாது. அட்டவணை வழியில் விமானத்துக்கு விமானம் தனி வரி எழுதலாம். பொறுமையுள்ள ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997-இல் உலகக் கலைஞர்களின் ஓவியங்களை வால்களில் பூசியதே, அந்தக் கால ஹீத்ரோவை உருவாக்க நினைப்பவருக்கும் இதே பாடுதான்.

வேகத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஹீத்ரோவில் கேட் எல்லாம் நிரம்பியிருக்கும்போது ஃப்ரேம் ரேட் குறையத்தான் செய்கிறது. போக்குவரத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன், போதுமானதாக இருக்கிறது.

போன வாரம் புதிய பருவத்தின் அட்டவணையை இறக்கினேன். பழையதை அழிக்காமல் வேறொரு ஃபோல்டருக்கு மாற்றி, அதற்கு ‘2024 அக்டோபர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் ஏற்றுகிறேன். அதில் டெல்லியிலிருந்து யுகே 17 இன்னும் விஸ்தாராவாகவே வந்து இறங்குகிறது.