‘குருதிப்புனல்’ காட்டும் மனிதன்

தன்னை அறிதல் என்பது ஞானிகளின் தனியறைக்கு மட்டும் உரிய காரியமன்று. வயலும் களமும் நீதிமன்றமும்கூட அந்த அறிவைச் சோதிக்கும் இடங்களேயாகும். தத்துவம் ‘நீ யார்?’ என்று வினவுகிறது. சமூகவியல் ‘உன்னை இவ்வாறு ஆக்கிய சூழல் எது?’ என்கிறது. உளநூலோ ‘நீ வளர்ந்த விதம் யாது?’ என்று கேட்கிறது. இம்மூன்று வினாக்களும் ஒருங்கே மோதும் தஞ்சை மண்ணின் நாவல், 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டன. பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களில் மிகுதி. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். அந்நிகழ்ச்சியே இந்நாவலின் கரு.

ஆசிரியர் மிராசுதாரரான கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறைபாட்டை அவரது கொடுமையின் ஊற்றாகக் காட்டுகிறார். கூலிப் போராட்டத்தை ஒருவனின் உடற்குறையாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் இதனைக் கடிந்தனர். இவ்வழக்கில் நாம் எப்பக்கம் நிற்பது?

அகத்தைத் துருவுவது பிழையன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில் பெருமை எனும் நோயை அகத்தின் நோயாகவே ஆராய்கிறார்கள். ஆயினும் அந்நோயின் காரணங்களாக அவர்கள் எண்ணும் ஏழினுள் குலமும் செல்வமும் ஆள்பலமும் உள்ளன. இம்மூன்றையும் மனிதனுக்கு அளிப்பது சமூகமன்றோ! ஆகவே, உண்மையான அகநூல் புறத்தைக் கைவிடுவதில்லை. நாவல் இடறும் இடம் இதுவே. ஒருவனின் அந்தரங்கக் குறை அவனது வெறியை விளக்கலாம். அவனோடு உடன்பட்டு நின்ற ஒரு கூட்டத்தை விளக்காது. அதனை விளக்க இப்னு கல்தூன் வேண்டும். மனிதன் தன் இயல்பின் மகனல்லன், பழக்கத்தின் மகன் என்பது 1377இல் எழுந்த ‘முகத்திமா’வின் கருத்து. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளை வைத்து ஆண்ட பழக்கம், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும், இயல்பேபோல் இறுகிக் கிடந்தது.

மற்றொரு குறையும் உண்டு. நாவலில் ‘நான் யார்’ என்று உள்நோக்கும் உரிமை பெரும்பாலும் நாயுடுவுக்கும், டில்லியிலிருந்து வந்த கோபாலுக்கும் சிவாவுக்குமே வாய்த்திருக்கிறது. உழைப்பவர்களோ கூட்டமாகவே வருகின்றனர், கூட்டமாகவே மாய்கின்றனர். அறுப்புக்குப் போகிறவளுக்கு அகம் இல்லையா? இக்குறை நாவலாசிரியருக்கு மட்டும் உரியதன்று. தஞ்சைச் சிற்றூர் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ என்னும் புனைபெயரால் ஆராய்ந்து 1965இல் நூலாக்கிய ஆந்திரே பெத்தேய், தாம் அக்கிரகாரத்தில் தங்கியமையால் சேரி மக்களை அத்துணை நெருங்க இயலவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். நிற்கும் இடம் நோக்கும் பார்வையை வரையறுக்கிறது. அதை ஒப்புக்கொள்வதே ஆய்வின் நேர்மை.

இது ஏட்டுச் சர்ச்சையென்று எண்ணற்க. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்கில் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தபோது, செல்வமும் நிலமும் உடையோர் தாமே நடந்து சென்று தீயிட்டிருப்பர் என்பதை நம்ப இயலவில்லை எனக் கருதியது. மனிதனை அவனது அந்தஸ்தைக்கொண்டே அளந்துவிட்ட அளவை அது. தன்னை அறியாத சமூகம் பிறனையும் அறியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் ‘குருதிப்புனல்’ படிக்கத்தக்க நூல் என்பதே நம் முடிபு. கொடியவனை அரக்கனென்று ஒதுக்காமல், மனிதனாகவே நிறுத்தி வினவிய துணிவு அதற்கு உண்டு. நாம் கூட்டிக்கொள்ள வேண்டியது ஒன்றே: காரணம் காட்டுவது வேறு, கணக்கு ஒப்புவிப்பது வேறு. நம் முன்னோர் ‘முஹாஸபா’ என்றது இரண்டாவதை. வளர்ப்பும் குலமும் பழக்கமும் ஒருவனை உருவாக்கியிருக்கலாம். தீப்பந்தம் ஏந்திய கைக்கு அவனேதான் பதில் சொல்லியாக வேண்டும்.