இணையக் கம்பெனி உத்தியோகத்தின் குணமும் குற்றமும்

ஒரு தொழிலை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சம்பளத்தைக் கொண்டும், உள்ளே இருக்கிறவர்கள் மேலதிகாரியைக் கொண்டும் மதிப்பிடுவது எங்கும் காணப்படுவது. திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையிலுள்ள எங்கள் கே.ஜி.கண்டிகையிலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு வரன் பார்க்கும் வீடுகளில் மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகமா, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உத்தியோகமா என்று விசாரித்தது போய், இன்று பையன் எந்தக் கம்பெனி என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. ஆனால் அந்தப் பையனே தன்னைப் போன்ற இன்னொரு பையனைச் சந்திக்கும்போது கம்பெனியின் பெயரோடு நிற்காமல், எந்த டீம், யார் மேனேஜர், எந்த ஷிப்ட் என்றுதான் கேட்கிறான். பெற்றோர் காண்கிற உத்தியோகத்துக்கும் பிள்ளை அநுபவிக்கிற உத்தியோகத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால், இதன் குணத்தையும் குற்றத்தையும் சாவதானமாக நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இணையத்தின் வழியாக மென்பொருளை உலகத்துக்கு விற்றுப் பிழைக்கும் கம்பெனிகளில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமென்று சொல்லத்தக்கவற்றுள் முக்கியமானவை இரண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது ஒன்று. அந்த ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் வெளியே வந்து ஆரம்பித்து, இப்போது ப்ரெஷ்வொர்க்ஸ் என்று வழங்கும் கம்பெனி மற்றொன்று. ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாயினும், ஊழியனுக்கு எதைக் கொடுத்து அவனைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்ற விஷயத்தில் இவை இரண்டும் நேர் எதிரான மார்க்கங்களில் சென்றன. ஆகையால் இந்த உத்தியோகத்தின் சுகதுக்கங்களை ஆராய விரும்புகிறவனுக்கு இவற்றைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஊழியர்கள் மனதாரப் புகழ்கிற முதல் விஷயம், உள்ளே நுழையும் வாசலைப் பற்றியது. சிபாரிசுக் கடிதமும் செல்வாக்கும் இன்றி உள்ளூர் மளிகைக் கடையில்கூட வேலை கிடைக்காத ஒரு சமூகத்தில், ஒரு கணக்கைக் கொடுத்து அதற்குப் புரோகிராம் எழுதச் சொல்லி, அது ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து வேலை கொடுக்கிற வழக்கம் வந்ததே ஒரு பெரிய காரியம். ஜோஹோ இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரிப் பட்டமே வேண்டாம் என்று சொல்லி, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தானே சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு பள்ளியை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. தறி ஓட்டுகிறவரின் மகனும் நிலக்கடலை பயிரிடுகிறவரின் மகளும் பொறியியல் கல்லூரியின் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கிற இந்தப் பகுதியில், அந்த ஏற்பாட்டின் மகத்துவத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஜோஹோ காரியாலயம் திறந்ததும், அதன் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பின்னர் அங்கேயே குடியேறியதும், பட்டணத்துக்குப் போனால்தான் பிழைப்பு என்ற நம்பிக்கையை அசைத்த செயல்கள் என்றே கருதுகிறேன்.

உள்ளே போன பிறகு கிடைக்கும் மரியாதை இரண்டாவது. என்னிடம் படித்து இத்தகைய கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகளில் பலரும், முதல் மாதச் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, தங்களைவிட இருபது வயது மூத்த மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதைத்தான் ஆச்சரியத்தோடு சொல்லியிருக்கிறார்கள். எழுந்து நின்று கைகட்டிப் பேசியே பழகிய குடும்பங்களிலிருந்து போகிற பிள்ளைக்கு, மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே ‘இது சரிப்படாது’ என்று சொல்ல முடிவதும், சொன்னதை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்பதும், சம்பளத்துக்கு மேலான ஒரு சம்பாத்தியமே. இலவசச் சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி, விளையாட்டுக் கூடம் முதலிய சௌகரியங்களை நான் இந்த வரிசையில் வைக்கவில்லை. இந்தச் சௌகரியங்களுக்கு உலகப் பிரசித்தி பெற்ற கூகுளின் தாய்க் கம்பெனி 2023 ஜனவரியில் சுமார் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, அமெரிக்காவில் இருந்த பலருக்கு அச்செய்தி மின்னஞ்சலில்தான் வந்தது என்பதை நினைத்தால், சாப்பாட்டை வைத்து ஸ்தாபனத்தை எடைபோடுவது எவ்வளவு அபாயம் என்பது விளங்கும்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். எல்லாக் குறைகளிலும் பெரியது, காலம் தன் வசத்தில் இல்லை என்பது. திருத்தணியில் மின்சார ரயிலேறி, அரக்கோணமும் திருவள்ளூரும் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூருக்கோ, செங்கல்பட்டு வண்டியில் கூடுவாஞ்சேரிக்கோ போகிற பிரயாணத்தை ஒரு வாரம் செய்து பார்த்தவன் அடுத்த வாரமே வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒரு பி.ஜி.யில் இடம் பிடித்துவிடுகிறான். பெண் பிள்ளைகளுக்கு அந்த அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடந்தான் வீடு. ஆனால் பிரயாணத்தையாவது இடம் மாறித் தப்பித்துக்கொள்ளலாம். ‘ஆன்கால்’ என்று சொல்லும் முறையிலிருந்து அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. கம்பெனியின் மென்பொருள் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால், அது நின்றால் எழுந்து சரிசெய்ய வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு.

ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின இரவு, ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன் வீட்டில் இதைக் கண்ணாரக் கண்டேன். ராணிப்பேட்டைப் பக்கத்துக் காவடிகள் பம்பை முழக்கத்தோடு திருத்தணி மலையை நோக்கிச் சாலையில் போய்க்கொண்டிருந்த சமயத்தில், அவனுடைய போன் அலறியது. அவன் திண்ணையிலேயே லேப்டாப்பைத் திறந்து, வீட்டு இணையம் வேலை செய்யாததால் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டு, கறுப்புத் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்து, எங்கோ ஒரு சர்வரில் பழைய பதிவுகள் நிரம்பி இடமில்லாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றைத் துடைத்து, நின்றுபோனதை மறுபடி ஓடவிட்டு, ‘டிக்கெட்’டை மூடியபோது காவடிகள் கடந்துபோயிருந்தன. ‘பாருங்க சார், சாமி கும்புட வந்தவன் பொட்டியத் தொறந்துக்கினு உக்காந்துட்டான்’ என்று அவன் தாயார் என்னிடம் முறையிட்டார். அவன் செய்த வேலையில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டாயிற்று. ஆனால் அந்த இரவுக்குத் தனிப்படி ஏதும் இல்லை, மறுநாள் ஈடுவிடுப்பும் இல்லை, மாறாக ஏன் நின்றது என்று காலையில் ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்று அவன் சொன்னபோது, பெருமையை மீறிக்கொண்டு வருத்தமே மேலிட்டது.

இரண்டாவது பெரிய குறை அப்ரைசல், அதாவது வருஷாந்தர வேலை மதிப்பீடு. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியில் உட்காருகிற நெசவாளி ஏழையாக இருக்கலாம். மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணத்தில் கட்டுண்டும் கிடக்கலாம். ஆயினும் வாரக் கடைசியில் எத்தனை புடவை இறக்கினோம், புடவைக்கு எவ்வளவு கூலி என்று அவன் விரலை விட்டு எண்ணி, கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவனைப் போலப் பல மடங்கு சம்பாதிக்கிற அவன் மகனுக்கோ, தன் வருஷம் முழுவதையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கி மேனேஜர் இட்ட மதிப்பெண் எந்த நூலால் நெய்யப்பட்டது என்பது கடைசிவரை தெரிவதில்லை. ‘ஹைக்’ எனப்படும் சம்பள உயர்வு குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். ‘பட்ஜெட் இல்லை’ என்பதுதான் பதில். இங்கிலீஷில் தயங்காமல் பேசுகிறவனின் சாதாரண வேலை மீட்டிங்கில் பெரிதாகத் தெரிவதும், தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவனின் அருமையான வேலை அவன் வாய்க்குள்ளேயே தங்கிவிடுவதும், நான் பலரிடம் கேட்டறிந்த மனக்குறைகள். கணக்குக் கொடுத்துத் திறமையைச் சோதித்த வாசலில் இருந்த நியாயம் உள்ளே ஏறுகிற படிகளிலும் இருக்கிறதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி முன்பு சொன்ன இரு மார்க்கங்களுக்கு வருகிறேன். ப்ரெஷ்வொர்க்ஸ் தன் ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தது. 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலர் விலையில் பங்கு வெளியிட்டபோது, ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள் என்றும், அவர்களில் எழுபது பேர் அளவில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் ஸ்தாபகர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். முதலாளியின் லாபத்தில் தொழிலாளிக்கும் பாத்தியம் உண்டு என்று மேடையில் பேசுகிறவர்கள் பலர். செய்து காட்டியவர்கள் சிலர். ஆகவே அதைக் குறைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை. ஆனால் சந்தைக்குப் போன கம்பெனி சந்தையின் மனத்துக்கு உகந்தபடி நடக்க வேண்டியதாகிறது. பங்கின் விலை பின்னால் வெகுவாக இறங்கியது. 2024 நவம்பரில் சுமார் 660 பேர், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேர், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதே சமயத்தில் 40 கோடி டாலர் வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டத்தையும் கம்பெனி அறிவித்தது. கையில் இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்புகிற கம்பெனி அவர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கலாகாது என்ற கருத்தில், பெயரைச் சொல்லாமல் ஸ்ரீதர் வேம்பு பகிரங்கமாகவே கண்டித்தார்.

அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஜோஹோ வெளியார் மூலதனத்தை நாடாமலும் பங்குச் சந்தைக்குப் போகாமலும் தன் லாபத்திலேயே வளர்ந்ததால்தான், பொறுமையாக ஆட்களைப் பழக்கவும் கிராமத்தில் காரியாலயம் திறக்கவும் அதற்குச் சாத்தியமாயிற்று. எனினும் அங்கும் ஒரு கேள்வி எழுகிறது. சந்தைக்கு வராத கம்பெனியில் ப்ரெஷ்வொர்க்ஸ் ஊழியருக்குக் கிடைத்தது போன்ற பெருஞ்செல்வம் வாய்ப்பதற்கு வழியில்லை. அதற்கு ஈடாக ஊழியனுக்குக் கிடைப்பது ஸ்திரத்தன்மை. அந்த ஸ்திரத்தன்மைக்கு ஆதாரமாக நிற்பது ஸ்தாபகரின் மனப்பான்மை. 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமை நிர்வாகி பதவியைத் துறந்து ஆராய்ச்சியில் இறங்கினார். அப்பதவிக்கு ஷைலேஷ் குமார் டேவி வந்தார். மாற்றம் அமைதியாகவே நடந்தது. என்றாலும் நல்லவர் ஒருவருடைய வாக்கை நம்பி நிற்கிற ஏற்பாட்டுக்கு, அவருக்குப் பின்னால் வருகிறவரும், அவருக்கும் பின்னால் வருகிறவரும் நல்லவராக இருக்க வேண்டும் என்ற பிரார்த்தனையைத் தவிர வேறு காப்பு இல்லை. ஒரு கம்பெனி பங்கைக் கொடுத்தது, மற்றொன்று வாக்கைக் கொடுத்தது. இரண்டுமே கொடுப்பவரின் விருப்பத்தால் வந்தவை. ஊழியன் தன் பாத்தியதையாகக் கேட்டுப் பெற்றது என்று இந்தத் தொழிலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதுதான், நான் கண்ட அளவில், மற்றக் குறைகளுக்கெல்லாம் மூலம். ராத்திரி வேலைக்குப் படி இல்லாததும், மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லாததும் இதிலிருந்து கிளைப்பவையே.

இப்படிச் சொன்னால், சங்கமும் சட்டமும் நுழைந்தால் தொழில் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. மூளை உழைப்பு செய்கிறவன் தொழிலாளியே அல்லன் என்று நம்புகிற பிள்ளைகளும் உண்டு. பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போவதுதான் அவர்கள் அறிந்த ஒரே ஆயுதம். வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அது கூர்மையான ஆயுதமே. ஆட்குறைப்புக் காலத்தில் அது பயன்படாது. 2015 ஜனவரியில், ஆட்குறைப்புக்கு ஆளான ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று இடைக்காலத் தடை பெற்றார்; சட்டம் தம் பக்கமும் பேசும் என்று இத்துறையினர் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். மறு ஆண்டிலேயே, கம்ப்யூட்டர் துறைக்குத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, அதன் ஊழியர்கள் தாராளமாகச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்திற்று. அப்படியிருந்தும், அரக்கோணத்து ரயில்வேயில் சங்கத்தின் பலத்தால் ஓய்வுபெறும் வரை நிமிர்ந்து நின்று வேலை பார்த்தவரின் பேரன், தன் காரியாலயத்தில் சங்கம் என்ற சொல்லை உச்சரிக்கவே அஞ்சுகிறான் என்பது எனக்குப் பெரும் விசனத்தைத் தருகிறது.

இந்த உத்தியோகம் வேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளையையும் தடுக்கமாட்டேன். வாசலில் இருக்கும் நியாயத்துக்காகவும் உள்ளே கிடைக்கும் கௌரவத்துக்காகவும் அதை வரவேற்கிறேன். போகிற பிள்ளைகளே, இனிமேலாவது ஆபர் லெட்டரில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல், ஆன்கால் இரவுக்கு என்ன படி, ஆட்குறைப்பு நேர்ந்தால் எத்தனை மாதச் சம்பளம், மதிப்பெண்ணை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கிடைக்காது. ஆகவே பக்கத்து மேஜைக்காரரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.