விண்டோஸ் 10-க்குப் பிறகு: லினக்ஸ் போதுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிலாக அது காட்டிய விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும், இன்டெல் என்றால், சில விலக்குகள் போக, எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2016-ல் வாங்கி இன்றும் பழுதில்லாமல் ஓடும் கணினி இந்த வடிகட்டலில் தேறாது. வீட்டுப் பயனர்களுக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம் ஓராண்டுதான். பலரும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பக்கம் திரும்புவதற்கு, இதனால் எழுந்த கோபமே காரணம். ஆனால் கோபம் நியாயமானது என்பதாலேயே மாற்று சரியானதாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

இந்த வடிகட்டலுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் பாதுகாப்புக் காரணம் வெறும் சாக்கு அல்ல. வட்டைப் பூட்டும் சாவியைச் சாதாரண மென்பொருள் எட்டாத இடத்தில் வைக்க டிபிஎம் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் ஸ்டார்ட் மெனுவில் ஆப் விளம்பரங்கள் வருவதையும், கணினியை முதன்முதலில் திறக்கவே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்பதையும் எந்தப் பாதுகாப்பின் பெயரில் நியாயப்படுத்துவது? 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘ரீகால்’ வசதி, திரையைச் சில நொடிகளுக்கொரு முறை படம்பிடித்துச் சேமிப்பதாக இருந்தது. அந்தச் சேமிப்பை எளிதாகப் படித்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிய பிறகே அது தள்ளிப்போனது. பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும் வசதியாக 2025-ல் வந்தது. எதிர்ப்பு எழுந்ததால் திருத்தினார்கள், சரி. எழாமல் இருந்திருந்தால்?

லினக்ஸின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது. அதன் வெளியீடுகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் இணையக் கணக்கு கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. வட்டில் நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் 11 கழித்துப்போட்ட கணினியில் பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும்.

ஆனால் ‘மூலநிரல் திறந்திருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது’ என்ற வாதம் அரைகுறை. பல லினக்ஸ் வெளியீடுகளில் இடம்பெறும் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளை, ஊதியமின்றி, ஏறத்தாழ ஒருவரே பராமரித்துவந்தார். உதவ வந்தவர்போல ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகி, நம்பிக்கை பெற்று, அதற்குள் பின்வாசல் வைத்தார். 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தொலை உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியவர் அவர். வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்! நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் யாராவது ஒருவர் தோண்டினால்தான் அந்தத் திறப்புக்குப் பலன்.

அன்றாட வேலையில் தடைகள் இன்னும் கெட்டியானவை. நம் ஊர்க் கடைகளின் கணக்கு டேலி மென்பொருளில் இருக்கிறது. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிடிபி கூடங்களில் பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இன்னும் விடைபெறவில்லை. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக உழைக்கும் கேனன் எல்பிபி 2900 அச்சுப்பொறியை லினக்ஸில் ஓடவைப்பது தலைவலி. இவை லினக்ஸின் குற்றங்கள் அல்ல. ஆனால் கடைக்காரருக்கு யார் குற்றம் என்பதா முக்கியம்? மாலைக்குள் பில் வர வேண்டும்.

நிறுவனங்களின் அனுபவமும் ஒரே திசையில் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. வெளியிலிருந்து வரும் ஆபிஸ் கோப்புகளோடு ஏற்பட்ட பொருந்தாமை, சிதறிக்கிடந்த தொழில்நுட்ப நிர்வாகம், தலைமை மாற்றம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. கேரள அரசுப் பள்ளிகளில் கதை வேறு. பாடத்திட்டத்தோடு கட்டற்ற மென்பொருளைப் பிணைத்து, ஆசிரியர்களையே பழக்கினார்கள். அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் மென்பொருளின் தரத்தில் மட்டும் இல்லை, அதைத் தாங்கிப்பிடித்த மனிதர்களிலும் இருக்கிறது.

ஆகவே தீர்ப்பு இது. விண்டோஸ் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு நிற்கிறது: காசு கொடுத்தவரின் கணினியில் கடைசிச் சொல் அவருடையதாக இல்லை. உலாவியிலும் கடிதம் தட்டுவதிலும் வேலை முடிந்துவிடுகிற மாணவருக்கும் வீட்டுக்கும் லினக்ஸ் இன்றே போதும். பழைய கணினியைக் குப்பைக்கு அனுப்புவது வீண்செலவு. டேலியையும் பழைய எழுத்துருக்களையும் நம்பிப் பிழைப்பவர் இப்போது மாற வேண்டியதில்லை. அரசும் பள்ளியும் மாறலாம், ஆனால் உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும். அதற்கு மனமில்லாத அலுவலகம் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.